தகரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

1

வரலாறு எழுத வருகிறவர்கள் கல்லைத் தேடுகிறார்கள், செப்பேட்டைத் தேடுகிறார்கள். மண்ணைத் தோண்டினால் பானை ஓடு கிடைக்கிறது. அதற்கும் ஒரு காலம் குறித்துப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். தகரத்துக்கு அந்த யோகம் இல்லை. ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும், அடுத்த மழையில் ஓட்டை விழும், அதற்கடுத்த மழையில் மண்ணோடு மண்ணாகிவிடும். அதனால் தகரத்தை வைத்துப் பிழைத்த சனங்களுக்கும் தடயம் கிடையாது. அப்படித் தடயமில்லாமல் போன ஒரு சாமானைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். காலி டப்பாவை வெட்டிச் செய்கிற தகர அடுப்பு.

இந்தத் தகர அடுப்பு இன்றைக்கு ஒரு மோஸ்தராகிவிட்டது. மலையேறப் போகிறவர்களும் காட்டில் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களும் இதற்கு 'உயிர்தப்பும் அடுப்பு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். எடை குறைவு, பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம், நாலு சுள்ளி இருந்தால் தண்ணீர் கொதித்துவிடும் என்று செய்முறை எழுதுகிறார்கள். பளபளவென்று எவர்சில்வரில் செய்து கடையிலும் விற்கிறார்கள். நல்லது. ஆனால் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். உயிர் தப்பியது யாரு? எதிலிருந்து தப்பியது? சனி ஞாயிறில் காட்டுக்குப் போய்த் திரும்புகிறவனுக்கு எந்த உயிர் ஆபத்து? நெசமாகவே உயிர் தப்புவதற்காகத் தகரத்தை வெட்டியவர்கள் அந்தப் பேருக்குள் எங்கே இருக்கிறார்கள்?

2

டப்பா பிறந்ததே பட்டாளத்துக்காக. நெப்போலியன் காலத்துப் பிரான்சில் படைக்குக் கெடாத சாப்பாடு கொண்டுபோக வழி தேடினார்கள். வழி கண்டுபிடித்த நிக்கோலா அப்பேர் என்ற சமையல்காரருக்கு 1810-ல் 12,000 பிராங்க் பரிசு கிடைத்தது. அவர் சாப்பாட்டை அடைத்தது கண்ணாடிப் புட்டியில். அதே 1810-ல் லண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர் தகரக் குவளையில் அடைப்பதற்குக் காப்புரிமை வாங்கினார். 1813 வாக்கில் டான்கின், ஹால் என்ற இரண்டு பேரின் தொழிற்சாலை பிரிட்டிஷ் கடற்படைக்கு டப்பா அனுப்பத் தொடங்கிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், டப்பா வந்து நாற்பது வருசத்துக்குப் பிறகு, 1850-களில்தான் அதைத் திறக்கிற கருவி வந்தது. அதுவரைக்கும் உளியும் சுத்தியலும்தான். அடுப்பு செய்ய நம்ம சனங்களிடம் இருந்ததும் அதே உளியும் சுத்தியலும்தான்.

தகரம் என்று நாம் சொல்வது இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயம் பூசியது. வெள்ளீயம் 232 டிகிரி சூட்டில் உருகிவிடும். சுள்ளி நெருப்பின் சூடு அதைவிட ரொம்பக் கூட. ஆகவே டப்பாவை அடுப்பாக்கி முதல் தடவை தீ மூட்டும்போதே பூச்சு போய்விடும். பிறகு இரும்பு காற்றைக் குடிக்கும், துரு தின்னும். தகர அடுப்புக்கு ஆயுசு குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அது தலைமுறைக்குக் கைமாறுகிற சொத்து அல்ல. ஒவ்வொரு தலைமுறையும், ஏன், ஒவ்வொரு வருசமும் புதுசாகச் செய்துகொள்ள வேண்டிய சாமான்.

நம்ம பக்கத்துக்குத் தகரம் வெள்ளைக்காரன் வியாபாரத்தோடு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மண்ணெண்ணெய் வந்தபோது நாலு காலன் பிடிக்கிற சதுர டின்னில் வந்தது. எண்ணெய் தீர்ந்ததும் அந்த டின் தண்ணி எடுக்க, நெல்லு போட்டு வைக்க, வெட்டி விரித்துக் கூரைக்குப் போட என்று நூறு வேலைக்கு ஆனது. எண்ணெயை விலைக்கு வாங்கியவன் ஒருத்தன். தூக்கி எறிந்த டின்னில் வாழ்ந்தவன் இன்னொருத்தன்.

இந்த இடத்தில் ஒரு பதிவை நினைவுபடுத்த வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது கள்ளர் சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் இதை எழுதி வைத்திருக்கிறார். தங்கம் வெள்ளி போடக்கூடாது, ஆண்கள் சட்டை போடக்கூடாது, முடி வெட்டிக்கொள்ளக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, குடையும் செருப்பும் கூடாது. அந்த எட்டில் ஒன்று: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடு கொள்ளை போனது.

ஒரு பித்தளைக் குடம் எதற்காக ஒரு சாதியை இவ்வளவு கோபப்படுத்த வேண்டும்? பித்தளை மினுக்கும். துலக்கி வாசலில் கவிழ்த்து வைத்தால் தெருவில் போகிறவன் கண்ணில் படும். எங்க அப்பத்தா அந்தப் பக்கத்துக்காரி. "பித்தளைக்குத்தான்டா தடை. தகரத்துக்கு எவன் தடை போடுவான்? அது அவுக எறிஞ்ச எச்சி" என்று சொல்லும். தடை எழுதியவர்கள் தகரத்தை நினைத்தார்களா என்று எந்தப் பதிவும் சொல்லவில்லை. அப்பத்தா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. சாதி எதைப் பார்த்துப் பொறாமைப்படும், எதைப் பார்க்காமலே தாண்டிப் போகும் என்று அடிபட்டவர்களுக்குத்தான் கணக்குத் தெரியும். தகரம் எவர் கண்ணையும் உறுத்தாத உலோகம். அந்தக் கண்படாத இடத்தில்தான் நம்ம பொம்பளைகள் தீ மூட்டினார்கள்.

3

அடுப்பு என்றால் மண் அடுப்புதானே, மண்ணுக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். மண் அடுப்பு ஒரே இடத்தில் இருக்கிற வீட்டுக்கு உரியது. கரும்பு வெட்டப் போகிறவர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், ரோடு போடப் போகிறவர்கள், அறுப்புக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள் எல்லோருக்கும் தூக்கிப் போகிற அடுப்பு வேண்டும். போன இடத்தில் மூணு கல் கூட்டினால் ஆகாதா? ஆகும். ஆனால் மூணு கல் அடுப்பு நாலு பக்கமும் காற்றுக்கு வாயைத் திறந்து விறகைத் தின்னும். விறகு யாருடையது?

அடுப்பின் வரலாறு என்பது பாதி விறகின் வரலாறு. 1882-ல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தபிறகு காடு சர்க்காருக்குப் போனது. வயல்வரப்பும் தோப்பும் ஏற்கெனவே ஆண்டைகளுடையவை. சேரிப் பொம்பளைக்கு மிஞ்சியது புறம்போக்கும் சீமைக்கருவேல முள்ளும்தான். எங்க அம்மா விறகு பொறுக்கப் போன இடத்தில் ஒரு தோட்டக்காரர் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு, கட்டிய கட்டையும் பிரித்துக் கொட்டச் சொன்னார். காய்ந்து உதிர்ந்த பனைமட்டைதான் அது. அன்றைக்கு ராத்திரி எங்க வீட்டில் உலை வைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அம்மா மரத்தூளுக்கு மாறியது.

மரம் அறுக்கும் மில்லில் தூள் குப்பை. சாக்குக்குச் சில்லறை கொடுத்தால் அள்ளிக்கொள்ள விடுவார்கள். அந்த அடுப்பு இப்படித்தான் செய்வது. பெரிய டின் ஒன்றின் மேல்மூடியை வெட்டி எடுத்துவிட வேண்டும். அடியிலிருந்து ரெண்டு விரல்கடை மேலே, பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வாய் வெட்ட வேண்டும். டின்னுக்கு நடுவில் ஒரு புட்டியை நிறுத்தி வைத்து, பக்கத்து வாய் வழியாக ஒரு உருட்டுக்கட்டையை நுழைத்துப் புட்டியின் அடியில் முட்டவிட வேண்டும். சுற்றிலும் காய்ந்த மரத்தூளைக் கொட்டி உலக்கையால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். இறுக்கம்தான் விசயம். தூள் தளர்வாக இருந்தால் சரிந்து தீ அணைந்துபோகும், ஈரமாக இருந்தால் புகைந்துகொண்டே கிடக்கும். பிறகு கட்டையைத் திருகி உருவி, புட்டியையும் திருகி மேலே எடுத்தால் உள்ளே ஒரு வளைந்த குழாய் நிற்கும். கீழ்வாயில் கொள்ளிக்கட்டையை வைத்தால் காற்று கீழே நுழையும், தீ நடுக்குழியின் சுவரைத் தின்றுகொண்டு மேலே ஏறும். பானை நிற்க மூணு கல்லோ மூணு இரும்புத் துண்டோ. ஒரு தடவை இறுக்கினால் ரெண்டு மூணு மணி நேரம் ஊதாமலே நின்று எரியும். உலை வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், வேறு வேலை பார்க்கலாம்.

சின்ன டப்பாவில் சுள்ளி அடுப்பு வேறு விதம். கீழே ஒரு வாய், மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே சுற்றிலும் ஆணியால் ஏழெட்டு ஓட்டை. கீழ்வாயில் நுழைகிற காற்று சுள்ளியை எரிக்கும். மேல் ஓட்டையில் நுழைகிற காற்று, எரியாமல் மேலே வருகிற புகையை எரிக்கும். விறகு நேரடியாக எரிவதில்லை. சூட்டில் விறகிலிருந்து வெளிவருகிற ஆவிதான் எரிகிறது. அந்த ஆவிக்கு ரெண்டாவது தடவையும் காற்று கொடுத்தால் புகை குறையும், சூடு கூடும். இந்த விஞ்ஞானத்தைத்தான் இன்றைக்கு ரெட்டைச் சுவர் அடுப்பு என்று விற்கிறார்கள். எங்க தெருப் பொம்பளைகள் அதை "மேல மூச்சு விடுற ஓட்டை" என்று சொல்வார்கள். விளக்கம் அவ்வளவுதான். ஆனால் சரியான விளக்கம்.

எங்க வீட்டு முதல் டின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. மதிய உணவுக்கு வந்த அமெரிக்க எண்ணெய் டின், ரெண்டு கை குலுக்குகிற படம் போட்டது. சமையல் கொட்டகைக்குள் எங்களை விடமாட்டார்கள். தண்ணிப் பானையைத் தொடவிட மாட்டார்கள். ஆனால் கொட்டகைக்கு வெளியே கூட்டி அள்ளுகிற வேலைக்குக் கூலியாக எங்க அம்மாவுக்குக் காலி டின் கொடுத்தார்கள். உள்ளே இருந்தபோது தீட்டு, காலியானதும் தீட்டு இல்லை. அந்தக் கைகுலுக்கல் படம் கரி ஏறி மறைகிற வரைக்கும் எங்க அடுப்பில் இருந்தது.

4

இதே அடுப்பை வேறு ஆட்கள் வேறு இடத்தில் செய்தபோது வரலாறு அதை எப்படி எழுதிவைத்தது என்று பார்க்க வேண்டும். ஒப்பிட்டால்தான் நம்முடைய இடம் விளங்கும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் பிடிபட்ட பிரிட்டிஷ், கனடா, அமெரிக்கக் கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் உணவுப் பெட்டி அனுப்பியது. கனடாப் பெட்டியில் ஒரு பவுண்டு பால் பவுடர் டப்பா இருக்கும். அதன் பேர் 'கிளிம்'. ஆங்கிலத்தில் பாலுக்குரிய சொல்லைத் திருப்பிப் போட்ட பேர். கைதிகள் அந்தத் தகரத்தை வெட்டி, மடித்து, தட்டி ஒரு ஊதுலை அடுப்பு செய்தார்கள். ஒரு பலகையின் ஒரு முனையில் கைப்பிடி வைத்த பெரிய சக்கரம். அதிலிருந்து பூட்ஸ் கயிறு ஒரு சின்னக் கப்பிக்குப் போகும். கப்பியின் அச்சில் டப்பாவுக்குள் அடைத்த தகர விசிறி. விசிறிக் காற்று ஒரு தகரக் குழாய் வழியாகப் போய் மறுமுனையில் இருக்கிற சின்ன நெருப்புக் குவளையின் அடியில் அடிக்கும். கொல்லன் பட்டறைத் துருத்திதான், கைக்கடக்கமாக. அட்டைத் துண்டு, மரச்சீவல், பைன் காய், கரித்தூள் எது கிடைத்தாலும் போதும், சில நிமிசத்தில் ஒரு குவளைத் தண்ணீர் கொதித்துவிடும்.

இதில் எனக்கு ஏளனம் ஒன்றும் இல்லை. கம்பிவேலிக்குள் கிடந்தவனின் கைவேலை அது. சாகன் என்ற ஊரில் இருந்த விமானப்படைக் கைதிகள் முகாமில் இதே கிளிம் டப்பாக்களை வரிசையாகக் கோத்துச் சுரங்கத்துக்குக் காற்றுக்குழாய் போட்டார்கள். 1944 மார்ச்சில் அந்தச் சுரங்கம் வழியாக 76 பேர் தப்பினார்கள். பிடிபட்டவர்களில் 50 பேரை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்த வீரத்தை யாரும் குறைக்க முடியாது. அந்த ஊதுலைகள் இன்றைக்கு அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. படம் வரைந்து வைத்திருக்கிறார்கள், நினைவுக் குறிப்புகள் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் ரெண்டு விசயம் கவனிக்க வேண்டும். ஒன்று, 1929 ஜெனிவா ஒப்பந்தப்படி அதிகாரிகளாக இருந்த கைதிகளை வேலை செய்யச் சொல்லி வற்புறுத்த முடியாது. அவர்களுக்குத் தகரமும் இருந்தது, நேரமும் இருந்தது. ரெண்டாவது, அதே ஜெர்மனியிடம் பிடிபட்ட சோவியத் கைதிகளுக்கு அந்தப் பெட்டி வரவில்லை. சோவியத் நாடு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பது நாஜிகளுக்குச் சாக்கு. ஸ்லாவ் மக்கள் மனுசரில் தாழ்ந்தவர்கள் என்ற இனவெறிதான் நெசமான காரணம். பிடிபட்ட சுமார் 57 லட்சம் பேரில் 33 லட்சம் பேர் பட்டினியிலும் குளிரிலும் நோயிலும் துப்பாக்கிக் குண்டிலும் செத்தார்கள். ஆக, டப்பா யாருக்குக் கிடைக்கும் என்பதை முடிவு செய்தது பிறப்பு. நமக்குப் பழக்கமான கணக்குதான்.

5

ஜெர்மனியில் இப்படி என்றால், அதே போரில் நம்ம சனங்களும் ஒரு முகாமில் கிடந்தார்கள். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர்கள் சொல்கிற ரயில்பாதை. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான் ராணுவம் 1942-லிருந்து 1943 அக்டோபர் வரை காட்டுக்குள் போட்ட 415 கிலோமீட்டர். நேசநாட்டுக் கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல் வேலை செய்தார்கள், சுமார் 12,000 பேர் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூணு மடங்கு. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், அதோடு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக் கொண்டுபோன தமிழர்கள். செத்த ஆசியர்கள் சுமார் 90,000 என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்கு மேலும் சொல்கிறவர்கள் உண்டு. சரியான கணக்கு இல்லை, ஏனென்றால் பேர் எழுதுவாரில்லை. கங்காணிகள் கப்பலேற்றிக் கொண்டுபோன தோட்டக்கூலிகளில் பெரும்பகுதி யார் என்பது நமக்குத் தெரியும். பறையர், பள்ளர் என்று தஞ்சையிலும் திருச்சியிலும் வடாற்காட்டிலும் நிலமில்லாமல் கிடந்த சனங்கள்.

1943 மே மாதம் மழையோடு காலரா வந்தது. காலராவுக்கு அந்தக் காட்டில் இருந்த பெரிய தடுப்பு வெந்நீர்தான். கைதிகளின் கூடவே அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்காத தண்ணீரை ஒருத்தனும் குடிக்கக்கூடாது, தின்னும் தட்டையும் கரண்டியையும் வெந்நீரில் முக்கி எடுத்தபிறகுதான் சோறு என்று கண்டிப்பாக உத்தரவு போட்டார்கள். மண்ணெண்ணெய் டின்னிலும் இரும்புக் கொப்பரையிலும் ராப்பகலாகத் தண்ணீர் கொதித்தது. அப்படியும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். தமிழர் முகாம்களில் மருத்துவர் இல்லை, உத்தரவு போட ஆள் இல்லை, கொதிக்க வைக்க அவகாசமும் இல்லை. குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள். பக்கத்து முகாம் வெள்ளைக் கைதிகள் தங்கள் நாட்குறிப்பில் அந்தச் சாவை எழுதியிருக்கிறார்கள். நம்மவர்கள் செத்தது நமக்குத் தெரிவதே பெரும்பாலும் அடுத்தவன் நாட்குறிப்பு வழியாகத்தான்.

காஞ்சனபுரியில் ராணுவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வெட்டிவிட்ட புல், பேர் பொறித்த பலகை. தமிழ்க் கூலிக்கு அங்கே ஒரு பலகை இல்லை. 1957-ல் குவாய் நதிப் பாலத்தைப் பற்றி உலகப் புகழ்பெற்ற சினிமா எடுத்தார்கள். அதிலும் தோட்டத் தமிழனின் கதை இல்லை.

ஒரு டப்பா, ஒரு கைப்பிடிச் சுள்ளி, ஒரு குவளை வெந்நீர். உயிர்தப்பும் அடுப்பு என்ற பேருக்கு நெசமான அர்த்தம் அங்கேதான் இருந்தது. அது கிடைத்தவர்களில் பலர் பிழைத்து வந்து புத்தகம் எழுதினார்கள். கிடைக்காதவர்கள் மண்ணுக்குள் போனார்கள்.

6

இப்படி எழுதும்போது ஒரு ஆபத்தும் இருக்கிறது. நம்ம பொம்பளைகளின் தகர அடுப்பைப் 'பாமரரின் அறிவு' என்று தலையில் தூக்கிவைத்து ஆடுகிற கூட்டம் ஒன்று உண்டு. வறுமையைக் கலையாக்கி ரசிக்கிற புத்தி அது. அடுப்பு தூக்கிக்கொண்டு அலைந்தது அறிவைக் காட்டுவதற்காக அல்ல, வேறு வழியில்லாமல். பழைய டப்பாக்களின் பற்றவைப்பில் காரீயம் இருந்தது. துத்தநாகம் பூசிய வாளியை அடுப்பாக்கினால் அந்தப் புகை காய்ச்சலைக் கொடுக்கும். பெயிண்ட் டப்பாவில் ஒட்டியிருக்கிற பெயிண்ட் எரிந்தால் அது தனி விசம். கதவடைத்த குடிசைக்குள் மரத்தூள் கனன்றுகொண்டிருந்தால் வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு விசவாயு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எங்க அம்மா கடைசிப் பத்து வருசம் இருமிக்கொண்டே இருந்தது. அந்த இருமலும் இந்த வரலாற்றின் ஒரு அத்தியாயம்தான்.

2006-க்குப் பிறகு தமிழ்நாட்டில் இலவச கேஸ் அடுப்பு வந்தது, 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. நல்லது, வேண்டியது. ஆனால் சிலிண்டர் விலை ஏறுகிறபோதெல்லாம் அந்த அடுப்பு மூலைக்குப் போகிறது, தகரமும் கல்லும் வெளியே வருகின்றன. கட்டட வேலைக்கு வந்து, தான் கட்டுகிற மாடிக்குக் கீழே தகரக் கொட்டகையில் தங்குகிறவர்களைப் பாருங்கள். பெயிண்ட் டப்பா அடுப்பு அங்கே இன்னும் எரிகிறது. தகர அடுப்பு பழங்கதை ஆகிவிடவில்லை.

1930-ல் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது என்றார்கள். 1995 ஆகஸ்ட் 31-ல் கொடியங்குளத்தில் போலீஸ் படை புகுந்து, வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்த காசில் நம்மவர்கள் வாங்கி வைத்திருந்த சாமான்களை வீடு வீடாக உடைத்தது. அறுபத்தைந்து வருசம் இடைவெளி, கோபம் ஒன்றுதான். இவன் வீட்டில் மினுக்குகிற சாமான் எதற்கு? தகரத்தோடு கிடக்கிற வரைக்கும் நம்மை விட்டுவைப்பார்கள். தகரத்தைத் தாண்டினால் உடைப்பார்கள். ஆகவே தகர அடுப்பின் வரலாறு நம்ம திறமையின் வரலாறு மட்டும் இல்லை. நம்மை எங்கே நிறுத்தி வைத்தார்கள் என்பதன் வரலாறும்கூட.

வாசிக்கிற தோழர்களுக்கு, முக்கியமாக ஆராய்ச்சி செய்கிற மாணவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். கல்வெட்டைத் தேடிப் போவதற்கு முன்னால் உங்கள் அப்பத்தாவிடம், அம்மாச்சியிடம் கேளுங்கள். எதில் சமைத்தாய், டப்பா எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தான், யார் பிடுங்கினான், விறகுக்கு எங்கே போனாய், யார் அடித்தான். கேட்டதை அவர்கள் பேசுகிற பாசையிலேயே எழுதி வையுங்கள். கிளிம் டப்பாவுக்குக் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. நம்ம டின்னைத் துரு தின்றுவிட்டது, அதைச் செய்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாயில் இருக்கிற மட்டும்தான் அது வரலாறு. அதற்குள் எழுதிவிட வேண்டும்.